விருந்தாளி வருமுன் வீட்டுமனை

அலோர் காஜா மாவட்டத்தில் ரெம்பியாவைக் கடந்து போகிறவர்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. ஒரு கடைவரிசை, ஒரு தமிழ்ப்பள்ளி, அண்மையில் எழும்பிய தாமான் (குடியிருப்பு மனை) வீடுகள், அவற்றுக்குப் பின்னால் செம்பனை. அவ்வளவுதான் கண்ணில் படும். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் சுற்றுலாப் பேருந்துகள் ஆயர் குரோ சாவடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, நேரே மலாக்கா ஆற்றங்கரைக்குப் போய்விடுகின்றன. ஆனால் அந்த ஆற்றுத் தண்ணீர் நகரத்தில் ஊறுவதில்லை. மேல்நிலத்து ஓடைகளும் வாய்க்கால்களும் சேர்ந்துதான் அது ஆறாகிறது. கீழ்க்கரையில் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் சுற்றுலா என்னவெல்லாம் செய்தது என்பதை ரெம்பியா, காடேக், புலாவ் செபாங், டுரியான் துங்கல் போன்ற ஊர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம் இது. நகரத்தில் இடம் நிறைந்துவிட்டது. நிலம் மலிவாகக் கிடைக்கும் உள்நாட்டுப் பக்கம் முதலீட்டாளர்களின் பார்வை திரும்புவது இயல்பு. சிம்பாங் அம்பாட்டில் அ'ஃபமோசா உல்லாசத் தலம் 1990களிலேயே வந்துவிட்டது. காடேக்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. தாபோ நானிங்கில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட டோல் சைட்டின் கல்லறையும், அலோர் காஜாவில் அதே 1831-32 போரில் இறந்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்ற அறிவிப்பும் சேர்ந்துகொண்டதால், சிறிய ஊர்களிலும் நம்மிடம் காட்ட என்ன இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது.

அந்தப் பேச்சில் நம்பிக்கையும் கவலையும் ஒன்றாகவே வருகின்றன. பிள்ளைகள் வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் போகாமல் ஊரோடு இருக்கலாம், வீட்டிலிருந்தே வடையும் முறுக்கும் விற்கலாம், கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் வரும் என்பது ஒரு பக்கம். வாடகை ஏறிவிடும், தண்ணீர் போதாது, காலங்காலமாக இருந்த இடத்தை விட்டுக் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்பது மறுபக்கம். இரண்டுமே நியாயமானவை. எது பலிக்கும் என்பதை வருகிற பயணிகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. அவர்கள் வரும்போது ஊர் மக்கள் எந்த நிலத்தில், எந்த உரிமையோடு நிற்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. கிரான் என்னும் நிலப்பட்டா கையில் உள்ளவனுக்குச் சுற்றுலா வருமானம். கிரான் இல்லாதவனுக்கு அது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். மலாக்கா ஆற்றின் இரு கரையும் இதற்குச் சாட்சி.

முதலில் ஆற்றுக்கு நேர்ந்த நல்லதைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் மலாக்கா ஆற்றுக்கு நகரம் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. கடைகளின் பின்சுவர்களும் கழிவுநீர்க் குழாய்களும் ஆற்றைப் பார்த்திருந்தன. இரண்டாயிரத்தையொட்டித் தொடங்கிய சீரமைப்புப் பணிகள் கரைகளைக் கட்டின, நடைபாதை போட்டன, முகத்துவாரத்தில் தடுப்பு அமைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தின. மாநில அரசு அமைப்பான மலாக்கா ஆறு, கரையோர மேம்பாட்டுக் கழகம் இப்போது படகுகளை நடத்துகிறது. தாமான் ரெம்பாவுக்கும் முகத்துவாரத்துக்கும் இடையே முக்கால் மணி நேரப் பயணம். கரையில் வெயில் காயும் உடும்பைக் காட்டி அப்பாக்கள் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். சுவர் முழுவதும் ஓவியம். பாலத்துக்குப் பாலம் விளக்கு. சுற்றுலா என்ற காரணம் இல்லாமல் இந்தச் செலவுக்கு எந்த அரசும் முன்வந்திருக்காது. சுற்றுலாவே கெடுதல் என்று பேசுகிறவர்கள் இந்த ஆற்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். பணம் தவறான இடத்தில் விழுந்ததும் உண்டு. ஆற்றோரமாக 1.6 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கோடியே 59 லட்சம் வெள்ளி செலவில் போட்ட மோனோரயில் 2010-இல் திறந்த கையோடு பழுதாகி, பல ஆண்டுகள் தூணோடு தூணாக நின்றது. ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆறு பிழைத்தது. அந்த ஆற்றின் அருகில் வாழ்ந்த எல்லோரும் பிழைத்தார்களா என்பதுதான் கேள்வி.

பழைய கடைவீடுகளில் வாழ்ந்தவர்களில் பலர் உரிமையாளர்கள் இல்லை, வாடகைக்காரர்கள். 1966-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, இரண்டு சொச்ச ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு 2000 பிறக்கும்போது முழுதாக விலகியது. அதே 2000-இல்தான் ஜோங்கர் தெருவில் வார இறுதி இரவுச் சந்தை தொடங்கியது. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவும் ஜோர்ஜ் டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. மலாக்காவில் காக்கப்படும் மையப் பகுதி 45.3 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வளையம் 242.8 ஹெக்டேர். பாதுகாப்பு தளர்ந்ததும் மதிப்பு ஏறியதும் பத்தாண்டுக்குள் அடுத்தடுத்து நடந்தன. தச்சுப் பட்டறையும், தகர வேலைக் கடையும், மேல்மாடியில் தாத்தா பாட்டியோடு ஒரு குடும்பமும் இருந்த கடைவீடுகள் பல காப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின. கட்டடத்தைக் காக்கச் சட்டம் வந்தது. அதில் குடியிருந்தவனைக் காத்த சட்டம் போனது. கூரை ஓட்டை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டிய ஊரில், ஒரு குடும்பத்தை வெளியேற்ற எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. இதைச் சுற்றுலாவின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சுவருக்கு மட்டும் வரலாறு உண்டு என்று நினைத்த கொள்கையின் குற்றம் அது.

இதே ஆற்றில், படகு போகும் அதே பாதையில், இதற்கு நேர்மாறான ஓர் ஊர் இருக்கிறது. ஆற்றின் வளைவில் மரவீடுகளோடு நிற்கும் கம்போங் மோர்ட்டன். 1920களில் கம்போங் ஜாவாவிலிருந்து இடம்பெயர வேண்டி வந்த மலாய்க் குடும்பங்கள், மோர்ட்டன் என்ற ஆங்கிலேய நில அதிகாரியின் உதவியோடு அந்தச் சதுப்பு நிலத்தைப் பெற்றுக் குடியேறினார்கள். அவர் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. மாநில அரசு 1988-இல் கொண்டுவந்த பண்பாட்டு மரபுப் பாதுகாப்புச் சட்டம் பிறகு அந்தக் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) காவலாக வந்தது. எதிர்க்கரையிலும் அக்கம்பக்கத்திலும் பல மாடி ஓட்டல்கள் எழுந்துவிட்டன. கம்போங் மோர்ட்டனில் மட்டும் மலாக்கா வீட்டுக்கே உரிய வளைந்த படிக்கட்டில் பூந்தொட்டிகள் இருக்கின்றன, கொடியில் துணி காய்கிறது, பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் பயணிகளுக்கு நடுவே சைக்கிளில் போகிறார்கள். அங்கே பயணிகளைக் கண்டு எரிச்சல் இருக்கலாம், இரவில் படகுச் சத்தம் தொல்லையாகவும் இருக்கலாம். ஆனால் எரிச்சல்படுகிறவர் இன்னும் தன் வீட்டு வாசலில் நின்றுதான் எரிச்சல்படுகிறார். அவர் விரும்பினால் தம் வீட்டைத் திறந்து காட்டலாம், விரும்பாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்தக் கதவு அவருடையது என்பதே எல்லா வேறுபாட்டுக்கும் காரணம்.

தமிழ் வேர் கொண்ட ஓர் ஊரின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காஜா பேராங்கில் உள்ள செட்டிக் கம்பம் மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து இங்கேயே மணமுடித்து நிலைத்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களுடையது. பேசுவது மலாய், வணங்குவது சிவனையும் மாரியம்மனையும். தங்கநகைத் தொழிலாளர் தெருவில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இச்சமூகத்தின் பெயரைச் சொல்லும் சான்று. அதே தெருவரிசையில் 1748-ஆம் ஆண்டுப் பள்ளிவாசலும் சீனர் கோயிலும் அடுத்தடுத்து இருப்பதை எல்லாச் சுற்றுலா வழிகாட்டிகளும் காட்டுகிறார்கள். செட்டிக் கம்பத்தில் அருங்காட்சியகம் உண்டு, நுழைவாயில் உண்டு, மாரியம்மனுக்கு ஆண்டுதோறும் டத்தோ சாச்சார் திருவிழாவும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் ஊரைச் சுற்றியிருந்த வயல்களும் தோப்புகளும் பல தலைமுறைகளில் கைமாறிவிட்டன. 2014 வாக்கில் கம்பத்தை ஒட்டிய நிலத்தில் பல மாடிக் கட்டடங்கள் வரப்போகின்றன என்றதும், வெள்ளம் ஏறும், பழைய வீடுகளில் விரிசல் விடும் என்று குடியிருப்போர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கலாசார விழாவுக்கு அழைக்கப்படும் சமூகம், தன் வேலியை ஒட்டி என்ன எழுகிறது என்பதில் அழைக்கப்படவில்லை. நடுவில் உள்ள வீடுகளைக் காத்துச் சுற்றுநிலத்தை விட்டுவிட்டால் ஊர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் ஆகிவிடும். உஜோங் பாசிரின் போர்த்துகீசியக் குடியிருப்புக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலத்தால் இறால் பிடிக்கும் கரை மறைகிறது என்று மீனவர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய மலாக்கா கேட்வே திட்டத்தின் ஒப்பந்தத்தை 2020-இல் மாநில அரசே ரத்து செய்தது. தூர்த்த கடலை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.

இந்தப் பாடத்தை ரெம்பியா வட்டாரத்துக்குக் கொண்டுவந்தால் முதலில் கண்ணில் படுவது தோட்டம். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் நட்டது. அதன்பின் மாநிலம் முழுவதும் பால்மரம் பரவியது. பால்மரத்தோடு தமிழர் வந்தார்கள். லயத்து வீடு வேலையோடு கொடுக்கப்பட்டது, வேலையோடு பறிக்கப்பட்டது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும், ஓய்வு வயது வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோயில் கட்டியது தொழிலாளர் காசில், நிலம் கம்பெனியுடையது. 1990-இன் தொழிலாளர் குடியிருப்புத் தரச் சட்டம் தண்ணீர், மின்சாரம், அறையின் அளவு பற்றியெல்லாம் பேசுகிறது, சொந்தமாவதைப் பற்றிப் பேசவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டாலும், செம்பனைக்கு மாறினாலும், தாமானாக மாறினாலும் முதலில் இடம் பெயர்கிறவர்கள் இவர்களே. அதனால்தான் சுற்றுலா என்ற சொல் கம்பத்து மலாய்க்காரர் காதில் ஒரு மாதிரியும், லயத்திலிருந்து வந்த தமிழர் காதில் வேறு மாதிரியும் விழுகிறது. மலாக்காவில், குறிப்பாகப் பழைய நானிங் பகுதியில், வழக்காற்று நிலம் என்ற ஏற்பாடு உண்டு. 1963-இன் பினாங்கு, மலாக்கா நிலப்பட்டாச் சட்டத்தின்கீழ் அந்த நிலம் வெளியார் கைக்கு எளிதில் போய்விடாது. அந்த வேலி கம்பத்து மக்களை எத்தனையோ விலையேற்றங்களிலிருந்து காத்திருக்கிறது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். தோட்டத்தை விட்டு வந்த மக்களுக்கு அப்படி ஒரு வேலியை யாரும் போட்டுத் தரவில்லை.

முயற்சியே இல்லாமல் போகவில்லை. தோட்டத் துண்டாடல் உச்சத்தில் இருந்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவும் கையிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலாவதாக வாங்கினார்கள். தொழிலாளர் சேமிப்பில் தோட்டங்களையே வாங்க முடிந்த சமூகம் இது. ஆனால் அந்த இயக்கம் தோட்டத்தைச் சங்கத்துக்குச் சொந்தமாக்கியது, லயத்து வீட்டைக் குடியிருப்பவனுக்குச் சொந்தமாக்கவில்லை. மாநிலத்துக்குள்ளேயே வேறொரு நினைவும் உண்டு. 1967-இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூர் வரைக்கும் நடந்தே போய் முறையிட்டார்கள். கூலிக்கும் வேலைக்கும் அவ்வளவு தூரம் நடந்த கால்கள் மனைக்காக மாவட்ட நில அலுவலகம் வரை நடப்பது பெரிய காரியமில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார். கிரான் கையில் இருந்தால் மட்டும் போதுமா, நல்ல விலை வந்தால் சொந்தக்காரனே விற்றுவிட்டுப் போய்விட மாட்டானா? கேள்வி கூர்மையானது. லாவோஸின் லுவாங் பிரபாங் அதற்கு உதாரணம். மேக்கோங், நாம் கான் ஆறுகள் சேரும் முனையில் உள்ள சின்ன ஊர் அது; 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வீட்டுக்காரர்களில் பலர் தங்கள் வீடுகளை விடுதிகளுக்கு விட்டுவிட்டு ஊருக்கு வெளியே பெரிய வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஏழையாகிவிடவில்லை. ஆனால் விடியற்காலையில் பிட்சைக்கு வரும் புத்த பிக்குகளுக்குச் சோறிடும் குடும்பங்கள் குறைந்தன. பயணிகள் கேமராவோடு வரிசையாக உட்கார்ந்து பிட்சையிடும் காட்சியாக அது மாறியது. வெனிஸ் இதைவிடத் தூரம் போய்விட்டது. 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் 2022-இல் 50,000-க்கும் குறைவு. 2024 ஏப்ரலில் ஒருநாள் வருகையாளரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். காலியான வீட்டுக்குக் கட்டணத்தால் ஆள் திரும்பி வருவதில்லை. ஆகவே தனித்தனிப் பட்டா மட்டும் ஊரைக் காத்துவிடாது. பட்டாவோடு ஒரு கூட்டுக் கட்டுப்பாடும் வேண்டும். விற்பதானால் முதலில் ஊரின் கூட்டுறவுக்கு, கோயில் நிலம் அறங்காவலர் பெயரில், வீட்டில் விருந்தாளியை வைப்பவர் அதே வீட்டில் வாழ வேண்டும் என்பது போன்ற விதிகள். கனவு என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. பகாங்கின் தெமெர்லோவில் டேசா முர்னி கம்பத்தில் 1995-இல் தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டத்தின் அடிப்படை விதியே குடும்பம் அந்த வீட்டில் வாழ வேண்டும் என்பதுதான். அந்தத் திட்டத்தில் இடம்பெறும் ஊர்கள் பெரும்பாலும் கம்பங்களே. லயத்தில் ஹோம்ஸ்டே நடத்த முடியாது. தன்னுடையதல்லாத வீட்டுக்கு யாரை விருந்துக்கு அழைப்பது?

வேலைவாய்ப்பு என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். எண்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2020 கணக்கெடுப்பில் மலாக்காவின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தொடவில்லை. 2019-இல் மாநிலம் கணக்குக் காட்டிய வருகைகளோ 1 கோடியே 87 லட்சம். ஒவ்வொரு குடிமகனுக்கும் பதினெட்டுக்கும் மேற்பட்ட வருகைகள். இத்தனை பேர் வந்தும் ஓட்டலில் அறை கூட்டுகிறவருக்கும் உணவகத்தில் தட்டு எடுக்கிறவருக்கும் கிடைப்பது அடிப்படைச் சம்பளத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அது 2022-இல் 1,500 வெள்ளி, 2025-இல் 1,700 வெள்ளி. பெகோவில் 2003-இலிருந்து இயங்கும் ஹோண்டா தொழிற்சாலையிலோ சுற்றுவட்டாரத் தொழிற்பேட்டைகளிலோ வேலை செய்கிறவர், அதைவிட உறுதியான மாத வருமானத்தை விட்டுவிட்டு இதற்கு வரமாட்டார். சுற்றுலா வேலை எவ்வளவு நொய்யது என்பதை 2020 மார்ச் 18 காட்டியது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த அன்றே படகு நின்றது, பூவும் பொம்மையும் ஜோடித்த திரிசாக்கள் வரிசையாக நின்றன, அறைகள் பூட்டின. மாநிலம் விட்டு மாநிலம் தடையில்லாமல் போக 2021 அக்டோபர் வரையும், வெளிநாட்டார் வர 2022 ஏப்ரல் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆண்டில் தாக்குப்பிடித்தவர் யார்? சொந்த வீட்டில், வாடகைச் சுமை இல்லாமல், வேறொரு சிறு வருமானத்தோடு இருந்தவர். ரெம்பியா போன்ற ஊருக்குச் சுற்றுலா பக்க வருமானமாக வந்தால் நல்லது. ஒரே வருமானமாக வந்தால் ஆபத்து.

ரெம்பியாவுக்கு யார் வரப்போகிறார்கள், இல்லாத பிரச்சினைக்கு எதற்கு இத்தனை பேச்சு என்று இன்னொரு தரப்பு சொல்லும். பெரும் கூட்டம் வராமல் போகலாம். ஆனால் நிலவிலை ஏறப் பயணிகள் வர வேண்டியதில்லை, வருவார்கள் என்ற பேச்சே போதும். ஆயர் குரோவில் நிலையம் வரும் என்று சொல்லப்பட்ட கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டம் 2021 பிறந்ததோடு கைவிடப்பட்டது. இப்படி ஒரு திட்டம் வரும் என்ற பேச்சு கிளம்பினாலே நிலம் வாங்கிப் போடுகிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். நிலம் மலிவாகவும் பேச்சு மெதுவாகவும் இருக்கும் இப்போதே மனையைக் கேட்பது எளிது. விளம்பரப் பலகை நட்ட பிறகு கேட்டால் அது வேறு விலை, வேறு பேரம்.

மேல்நிலத்து ஊர்களுக்குப் பேரம் பேச ஒரு பலமும் இருக்கிறது, அதை அவை இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. அதுதான் தண்ணீர். 1991-இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றியபோது மலாக்கா முழுவதும் வாளியோடு லாரிக்குக் காத்து நின்றது. அந்த நீர்த்தேக்கம் ரெம்பியாவுக்குப் பக்கத்தில். 2022 ஜனவரித் தொடக்கத்தில் அலோர் காஜாவிலும் ஜாசினிலும் வெள்ளம் புகுந்து குடும்பங்கள் நிவாரண மையங்களுக்குப் போயின. மேட்டு நிலத்தில் காடும் தோட்டமும் போய்த் தார்ச்சாலையும் கூரையும் பெருகினால் மழைநீர் நிலத்தில் இறங்காமல் ஓடும். ஓடும் நீர் சேற்றோடு அதே படகுப் பாதைக்குத்தான் போய்ச் சேரும். கீழே படகு ஓடவும் குளிப்பறையில் தண்ணீர் வரவும் மேலே யாரோ நிலத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலுக்கு இதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை. 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டுப் பயணி தங்கும் ஒவ்வோர் அறைக்கும் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வசூலாகிறது. அதில் மாநிலத்துக்கு வரும் பங்கிலிருந்து ஒரு பகுதி மேல்நிலத்துக் கால்வாய்க்கும் ஊர்க் குடியிருப்புக்கும் போக வேண்டும் என்று கேட்பது பிச்சை கேட்பதாகாது. தண்ணீரைத் தந்தவர் கணக்குக் கேட்கிறார்.

தமிழர் தாங்களே வழிநடத்தும் பெருங்கூட்டம் மலாக்காவில் ஏற்கெனவே உண்டு என்பதை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதில்லை. மாசி மகத்தில் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் என்னும் ஊரில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வெள்ளி ரதம் புறப்படும்போது, நாடு முழுவதிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பக்தர்கள் வந்து குவிகிறார்கள். நகரத்தார் நிர்வாகமும் உறுதியான நிலமும் இருப்பதால் அந்த விழா யாருடைய சுற்றுலாத் திட்டத்துக்கும் கட்டுப்படாமல் தன் முறைப்படி நடக்கிறது. பந்தல் போடுகிறவர், மோர் ஊற்றுகிறவர், பூ விற்கிறவர் எல்லோருக்கும் அன்று வேலை. தோட்டத்து மாரியம்மன் கோயில்களுக்கும் இதே உறுதி கிடைத்தால் ஒவ்வொரு சிற்றூரிலும் இதன் சிறிய வடிவம் நடக்கலாம். கோயில் நிலமே நாளை யாருடையது என்று தெரியாத ஊர், எந்த நம்பிக்கையில் அடுத்த ஆண்டுத் தீமிதிக்கு வெளியூர்க்காரரை அழைக்கும்?

இதையெல்லாம் எங்கே சொல்வது என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1976-இன் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, மாவட்டத்துக்கான வரைவுத் திட்டம் தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துமூலமான ஆட்சேபங்களுக்குக் குறைந்தது நான்கு வாரம் கால அவகாசம் தர வேண்டும். அலோர் காஜா நகராண்மைக் கழகத்தின் வரைவு அடுத்த முறை பார்வைக்கு வரும்போது ரெம்பியா வட்டாரத்திலிருந்து போக வேண்டிய கடிதங்களில் மூன்று செய்திகள் இருக்கட்டும். பழைய தோட்டக் குடியிருப்புகளும் முன்னாள் தொழிலாளர் வாழும் வீடுகளும் வரைபடத்தில் குடியிருப்பாகவே குறிக்கப்பட்டு, கிரான் வழங்கும் காலக்கெடு எழுதப்பட வேண்டும். கோயில்களும் தமிழ்ப்பள்ளியும் நிற்கும் நிலம் அவற்றின் பெயரிலேயே பதிவாக வேண்டும். ஆற்றுக்கும் ஓடைக்கும் இரு பக்கமும் கட்டடம் எழாத இடைவெளி எத்தனை மீட்டர் என்று எண்ணில் இருக்க வேண்டும். கடிதம் மலாயில் போக வேண்டும், நிலத்தின் லாட் எண்ணோடு போக வேண்டும். ஒரே வாசகத்தை நூறு பேர் படியெடுத்துக் கையெழுத்திடுவதைவிட, அவரவர் வீட்டு விவரத்தோடு இருபது கடிதங்கள் போனால் அதிகாரிகள் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டி வரும். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தால், மலாய் எழுதத் தெரிந்த இளைஞர்களை வைத்து அந்த இருபது கடிதங்களையும் மாலைக்குள் எழுதி முடித்துவிடலாம்.